மாங்கல்யமும் கிரீன் கார்டும்

"பையன் அமெரிக்காவில் இருக்கிறான், கிரீன் கார்டு வைத்திருக்கிறான்" என்று வரன் கொண்டு வருகிறவர் சொல்லிவிட்டால், நம்முடைய வீடுகளில் கூடத்து ஊஞ்சல் தானாகவே ஒரு தரம் ஆடிவிடுகிறது. பிறகு ஜாதகம் பார்க்கிறோம்; குலம் கோத்திரம் விசாரிக்கிறோம்; சம்பளம் எத்தனை டாலர், வீடு சொந்தமா வாடகையா, மாமியார் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். பையன் அந்த நாட்டின் பிரஜையா, நிரந்தர வாச உரிமை மட்டும் பெற்றவனா, அல்லது உத்தியோகத்திற்கென்று கொடுத்த தாற்காலிக விசாவில் இருப்பவனா என்ற கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "எல்லாம் ஒன்றுதானே!" என்ற பதிலில் திருப்தியடைந்து விடுகிறோம்.

பெண்ணுக்குத் தாலி கட்டுகிறவன் யாராயிருந்தாலும் தாலி ஒன்றுதான். ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அந்த மூவருடைய மனைவிமாரும் மூன்று வேறு ஜாதி. பிரஜையின் மனைவி "மிக நெருங்கிய உறவினர்" என்ற வகுப்பைச் சேர்ந்தவள். அந்த வகுப்புக்கு வருஷத்திற்கு இத்தனை பேர் என்ற கணக்குக் கிடையாது. மனு பரிசீலனையாகும் காலந்தான் அவள் காத்திருக்க வேண்டிய காலம். நிரந்தர வாசியின் மனைவிக்கோ வருஷாந்திர எண்ணிக்கை உண்டு; வரிசை நீண்டால் அவளும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தாற்காலிக விசாக்காரனின் மனைவி அவனுடைய நிழல். அவன் விசா உள்ளவரை அவள் விசா.

இதில் முகூர்த்தத் தேதிக்குக்கூட ஒரு பங்கு உண்டு என்றால் வாசகர்கள் நம்புவார்களோ என்னவோ! உத்தியோகத்தின் மூலமாகக் கிரீன் கார்டு பெறப்போகும் ஒருவனை எடுத்துக் கொள்வோம். கார்டு கைக்கு வருவதற்கு முன் அவனுக்குக் கல்யாணம் நடந்திருந்தால், அவன் மனைவி அவனுடைய மனுவிலேயே சேர்ந்து உரிமை பெறலாம்; அவனோடு கூடவே வராவிட்டாலும் பின்னால் வந்து சேரலாம். தை மாதத்தில் கார்டு வந்து மாசி மாதத்தில் கல்யாணம் நடந்ததென்றால், அந்த வசதி போயிற்று. அவன் புதிதாக ஒரு மனுப் போட்டு, அவள் நிரந்தர வாசிகளின் மனைவிமார் வரிசையில் நிற்க வேண்டும். நல்ல நாள் பார்த்த ஜோசியரிடம் இதைப்பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான விபரீதமும் உண்டு. நிரந்தர வாசியான தகப்பனார் தம் கல்யாணமாகாத பிள்ளைக்காக மனுச் செய்து, பிள்ளை பல வருஷம் காத்திருக்கிறான். 'வயதாகிறதே' என்று தாயார் கவலைப்பட்டு அவனுக்குக் கல்யாணத்தை முடித்து வைக்கிறாள். அன்றே அந்த மனு செத்துப் போகிறது. ஏனெனில் நிரந்தர வாசியின் விவாகமான பிள்ளைக்கென்று அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. தகப்பனார் பிரஜையாகியிருந்தால் மனு உயிரோடிருக்கும். ஆனால் வேறொரு வரிசைக்கு, பெரும்பாலும் இன்னும் நீண்ட வரிசைக்கு, மாறிவிடும்.

விவாகத்தைக் கொண்டு ஒரு பெண் எந்த நாட்டவள் என்று தீர்மானிக்கும் வழக்கம் அமெரிக்காவுக்குப் புதிதன்று. 1907-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, அந்நியனை மணக்கும் அமெரிக்கப் பெண் கணவனுடைய நாட்டவளாகிவிடுவாள் என்று விதித்தது. கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த எதெல் மெக்கன்ஸி என்ற மாது, பிரிட்டிஷ் பிரஜை ஒருவரை மணந்து கொண்டு தம் ஊரிலேயே குடியிருந்தார். வோட்டுரிமைக்குப் பெயர் பதியப் போனபோது, "நீர் அமெரிக்கப் பிரஜை அல்ல" என்று திருப்பியனுப்பி விட்டார்கள். 1915-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. 1922-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் பிரஜா உரிமை பெறவே தகுதியற்ற அந்நியனை மணப்பவளுக்கு மட்டும் பழைய தண்டனையே நீடித்தது. அந்தத் தகுதியற்றவர்கள் யார்? பகத்சிங் திந்த் வழக்கில் 1923-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, இந்தியர்களும் அவர்களில் சேர்ந்தார்கள். ஆகவே ஓர் இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண் பிறந்த மண்ணிலேயே அந்நியளானாள். 1931-ல்தான் அந்த விதி ஒழிந்தது. இந்தியர்கள் பிரஜா உரிமை பெறலாம் என்பதற்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று நாம் நினைக்கலாம். ஆனால் 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அதே சுப்ரீம் கோர்ட், தன் அந்நியக் கணவனை நாட்டுக்குள் அனுமதிக்க வேண்டும் என்று கேட்பது ஒரு பிரஜையின் அடிப்படை உரிமையாகாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வழக்குத் தொடுத்தவர் லாஸ் ஏஞ்சலிஸில் வக்கீல் தொழில் செய்யும் ஓர் அம்மாள். கணவர் ஸால்வடார் நாட்டவர். ஜட்ஜுகள் ஒன்பது பேரில் மூவர் மாறுபட்டார்கள். தம்பதிகள் சேர்ந்து வாழ்வது என்பது அங்கே சட்டம் தரும் சலுகையே என்பதை மனத்தில் கொண்டால், மேலே சொல்லப் போவதெல்லாம் தெளிவாக விளங்கும்.

சலுகை என்றால் நிபந்தனையும் இருக்கும் அல்லவா? கார்டுக்காகவே பொய்க் கல்யாணம் செய்து கொள்கிறார்கள் என்ற சந்தேகத்தால், 1986-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஒரு சட்டம் வந்தது. உரிமை கிடைக்கும் நாளில் விவாகமாகி இரண்டு வருஷம் நிறைந்திராவிட்டால், கிடைப்பது இரண்டு வருஷ நிபந்தனைக் கார்டுதான். அந்த இரண்டு வருஷம் முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள், கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, "எங்கள் கல்யாணம் உண்மையானது" என்று மனுச் செய்ய வேண்டும். மறந்து விட்டால் உரிமை தானாகவே போய்விடும். பொய்க் கல்யாணம் என்று ருசுவானாலோ, ஐந்து வருஷம் வரை சிறையும் இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. பிறகு அந்த மனிதர் வேறொருவரை மெய்யாகவே மணந்தாலும் அவருக்காகச் செய்யும் மனு ஏற்கப்படாது.

உண்மையான கல்யாணம் என்பதை எப்படி ருசுப்படுத்துவது? இங்கேதான் நம்முடைய குடும்பங்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. பெற்றோர் நிச்சயித்த கல்யாணம் என்பதாலேயே அங்கே குறைவில்லை. விவாகத்திற்கு முன் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்ற விதிகூட, மணந்து கொள்வதற்காக அங்கே போகிற மணப்பெண்ணின் விசாவுக்குத்தான் உண்டு. அதிலும் நெடுநாளைய குலவழக்கம் தடையாயிருந்தால் விலக்குண்டு. தொந்தரவு வேறிடத்தில். புதுப்பெண் புக்ககம் போகிறாள். வீடு மாமனார் பெயரில். பாங்கிக் கணக்குக் கணவன் பெயரில். மின்சாரக் கட்டணம் மைத்துனன் பெயரில். விசாரிக்கும் அதிகாரியோ இருவர் பெயரும் சேர்ந்த பாங்கிக் கணக்கு, குடிக்கூலிப் பத்திரம், இன்ஷூரன்ஸ், வருமான வரிக் கணக்கு, குழந்தையின் பிறப்புச் சான்று இவற்றைக் கேட்கிறார். இரண்டு வருஷம் சமைத்தாள், துவைத்தாள், மாமியாருக்கு மருந்து கொடுத்தாள் என்பதற்கெல்லாம் ரசீது ஏது? அவள் பெயர் ஏறிய ஒரு காகிதமும் இல்லாத குடித்தனம், எவ்வளவு மெய்யான குடித்தனமாயிருந்தாலும், அந்த மேஜையின் முன் மெலிந்து போகிறது. பெண்ணைப் பெற்றவர்கள் சீர்வரிசைப் பட்டியலைவிட இதைப்பற்றிக் கவலைப்படுவது நல்லதென்று எனக்குத் தோன்றுகிறது.

உத்தியோகம் வேறு ஊரில் என்பதற்காகவோ, வியாதியஸ்தரான பெற்றோரைப் பார்த்துக் கொள்வதற்காகவோ தம்பதிகள் சில காலம் பிரிந்திருந்தால் விவாகம் பொய்யாகி விடாது. 1975-ல் ஒரு மேல் கோர்ட்டுத் தீர்ப்பு இதைத் தெளிவாக்கிற்று: கல்யாணம் செய்து கொண்ட நாளில் இருவரும் சேர்ந்து வாழ எண்ணினார்களா என்பதே கேள்வி, பின்னால் பிரிந்தார்கள் என்பது மாத்திரம் முடிவாகாது. இதே நியாயத்தால்தான், நல்லெண்ணத்தோடு செய்து கொண்ட விவாகம் முறிந்து போனாலும் உரிமை போய்விட வேண்டுமென்பதில்லை. விவாகரத்துத் தீர்ப்பான பிறகு, கணவன் கையெழுத்து இல்லாமலே, பெண் தனியாக மனுச் செய்து நிபந்தனையை நீக்கச் சொல்லலாம். பதினெட்டு மாதத்தில் வாழ்க்கை கசந்து போன பெண்ணுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

தெரியாததால் விளையும் கொடுமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. "கார்டு நான் கொடுத்தது, ஒரு கடிதம் எழுதினால் போதும், உன்னைக் கப்பலேற்றி விடுவார்கள்" என்பது, கையோங்கும் கணவன்மார் பலர் சொல்லும் வசனம். இப்போது கப்பல் இல்லை, விமானந்தான், வசனம் மாறவில்லை. அவள் நம்பி விடுகிறாள். அடியைப் பொறுத்துக் கொள்கிறாள். ஊரிலிருந்து அம்மா டெலிபோனில் கேட்டால், "சௌக்கியமாயிருக்கிறேன்" என்கிறாள். கார்டைக் கொடுத்தது கணவன் அல்ல, சர்க்கார் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

1986-ம் வருஷத்துச் சட்டம் கணவன் கையில் கையெழுத்து என்ற சவுக்கைக் கொடுத்துவிட்டது என்பதை அமெரிக்கக் காங்கிரஸும் நாலு வருஷத்தில் உணர்ந்தது. 1990-ல் கொடுமைக்குள்ளான மனைவி தனியாகவே நிபந்தனையை நீக்கிக் கொள்ள வழி செய்தார்கள். 1994-ல் இன்னும் ஒரு படி மேலே போய், கணவன் முதல் மனுவே போடாதிருந்தாலும், அவள் தனக்காகத் தானே மனுச் செய்து கொள்ளலாம் என்றார்கள். கணவன் பிரஜையாகவோ நிரந்தர வாசியாகவோ இருக்க வேண்டும். விவாகம் நல்லெண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும். அவனோடு வாழ்ந்திருக்க வேண்டும். கொடுமை என்பது அடி மாத்திரம் அன்று. மனத்தை வதைப்பதும் அதில் சேரும். போலீஸ் ரிப்போர்ட் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. டாக்டர் சீட்டு, அண்டை அயலார் வாக்குமூலம், அவளுடைய சொந்த வாக்குமூலம் ஆகிய நம்பத்தக்க எந்த ஆதாரத்தையும் பரிசீலிக்க வேண்டும். மனுச் செய்த செய்தியைக் கணவனுக்குத் தெரிவிக்கக் கூடாது. அவன் எழுதும் மொட்டைக் கடிதத்தை மட்டும் வைத்து அவள்மேல் நடவடிக்கை எடுக்கவும் கூடாது. இதை 1996-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. விவாகரத்தாகியிருந்தாலும், அதற்குக் கொடுமையே காரணமென்றால் இரண்டு வருஷத்திற்குள் மனுச் செய்யலாம். கொடுமைக்கு உள்ளாகும் கணவனுக்கும் இந்த வழி உண்டு. பிரஜையான பிள்ளையோ பெண்ணோ இழைக்கும் கொடுமைக்கு ஆளான பெற்றோருக்கும், பின்னால் வந்த திருத்தத்தால், உண்டு. பேரனைப் பார்த்துக் கொள்ளப் போன தாயார்மார் சிலருக்கு இது நினைவிருப்பது நலம்.

ஆனால் கணவன் தாற்காலிக விசாவில் இருந்தால் இந்த வாசல் திறப்பதில்லை. சில குற்றங்களுக்கு இலக்காகி, போலீஸுக்கு உதவி செய்பவர்களுக்கென்று 2000-ம் வருஷத்தில் ஏற்படுத்திய வேறொரு விசா இருக்கிறது; அது வருஷத்திற்குப் பதினாயிரம் பேருக்குத்தான். ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கேட்காத கேள்வியின் விலை இங்கே தெரிகிறது.

இன்னொரு தினுசு மோசமும் உண்டு. விடுமுறைக்கு என்று மனைவியை ஊருக்கு அழைத்து வந்து, பிறந்த வீட்டில் விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டையும் கார்டையும் எடுத்துக் கொண்டு கணவன் தனியே விமானமேறி விடுகிறான். ஓர் ஆண்டுக்கு மேல் வெளியே தங்கிவிட்டால், கார்டை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது. பிறந்த வீட்டார், "மாப்பிள்ளைக்குக் கோபம் தணியட்டும்" என்று பஞ்சாயத்துப் பேசிக் கொண்டே பத்து மாதத்தைக் கடத்தி விடுகிறார்கள். கோபம் தணிகிறதோ இல்லையோ, காலண்டர் காத்திருப்பதில்லை.

மரணம் வந்து குறுக்கிட்டால் என்ன ஆகும்? 2009 வரையில், பிரஜையான கணவன் விவாகமாகி இரண்டு வருஷத்திற்குள் இறந்து போனால், பரிசீலனையிலிருந்த மனுவும் அவனோடு போய்விடும். "விதவை அபராதம்" என்றே இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில் இதை நீக்கினார்கள். இப்போது விதவை, கணவன் இறந்த இரண்டு வருஷத்திற்குள் தானே மனுச் செய்யலாம். மறுமணம் செய்து கொண்டிருக்கக் கூடாது.

அக்காலத்தில் நடந்த ஒரு சம்பவம் உள்ளத்தை உருக்குவது. அமெரிக்கக் கடற்படைச் சேனையைச் சேர்ந்த ஒரு வாலிபன் ஜப்பானின் ஒகினாவாத் தீவில் ஒரு பெண்ணைக் காதலித்தான். அவனை ஈராக்குக்கு அனுப்பிய பிறகு அவள் கர்ப்பவதி என்று தெரியவந்தது. 2008-ல் டெலிபோன் மூலமாகவே விவாகம் செய்து கொண்டார்கள். அடுத்த மாதமே அவன் போரில் மாண்டான். ராணுவம் அந்த விவாகத்தை ஒப்புக் கொண்டது. குடியேற்ற இலாகா ஒப்புக் கொள்ளவில்லை. ஏன்? ஒருவருக்கொருவர் நேரில் இராமல் நடந்த கல்யாணம், அதன் பிறகு தம்பதிகளாய்க் கூடியிருந்தாலன்றிச் செல்லாது என்று 1952-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. கைக்குழந்தை இருக்கிறது, ஆனால் அது விவாகத்துக்கு முன்னால் உண்டான கர்ப்பம்! இறந்தவனுடைய பெற்றோர் மருமகளையும் பேரனையும் தங்களோடு வைத்துக் கொள்ளப் போராடினார்கள். கடைசியில் 2010 டிசம்பரில் அவள் ஒருத்திக்காக மட்டும் காங்கிரஸ் தனிச் சட்டம் ஒன்று செய்து கொடுத்தது. அப்படித் தனி நபருக்காகச் சட்டம் செய்வது அங்கே வெகு அபூர்வம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனுச் செய்யும் கணவனோ மனைவியோ, வருகிறவரைத் தாம் போஷிப்பதாகச் சர்க்காருக்குப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்கு மேல் கால் பங்கு கூடுதலான வருமானம் வேண்டும். 2025-ல் இருவர் உள்ள குடும்பத்துக்கு அது 26,437 டாலர். இந்தத் தலைக்கணக்கில்தான் குடும்ப சரித்திரமெல்லாம் வெளியே வந்துவிடும். முதல் தாரத்துக் குழந்தைகளைப் போஷித்து வந்தால் அவர்கள் தலையும் சேரும். முன்பு வேறு யாருக்காவது இதே பத்திரம் எழுதிக் கொடுத்து அது இன்னும் செல்லுபடியாயிருந்தால் அவர் தலையும் சேரும். நால்வர் என்றால் 40,187 டாலர். போதாவிட்டால் வேறொருவர் கூட்டுப் பிணை நிற்கலாம். ஆனால் நண்பருக்காகக் கையெழுத்திடுமுன் யோசிக்க வேண்டும்: விவாகரத்தானாலும் இந்தப் பத்திரம் ரத்தாகாது. வந்தவர் பிரஜையாகும் வரை, அல்லது சுமார் பத்து வருஷ உழைப்பு அவர் கணக்கில் சேரும் வரை, அல்லது நாட்டை விட்டே போகும் வரை, அல்லது இறக்கும் வரை பொறுப்பு நிற்கும். பிரிந்த மனைவி இந்தப் பத்திரத்தைக் காட்டிக் கோர்ட்டில் ஜீவனத்துக்கு வழக்காடலாம் என்பதை அறியாத மாப்பிள்ளைகள் பலர்.

நம் பக்கத்து உறவுமுறைக் கல்யாணம் அங்கே செல்லுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விவாகம் நடந்த இடத்துச் சட்டப்படி செல்லுமானால் பொதுவாக அங்கும் செல்லும். ஆனால் குடியிருக்கப் போகும் ராஜ்யத்தின் கொள்கைக்கு அடியோடு விரோதமாயிருக்கக் கூடாது. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணப்பது கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் தடையில்லை. டெக்ஸாஸ் 2005-ல் தடுத்து விட்டது. அக்காள் மகளை மணக்கும் விஷயத்தில் ஆபத்து அதிகம். 2014-ல் நியூயார்க் உயர்ந்த கோர்ட், தாய் ஒருத்தி தந்தை வேறான சகோதரியின் மகளை மணந்தது செல்லும் என்று ஒரு வியட்நாமிய தம்பதியின் வழக்கில் கூறியது. அது பாதி ரத்த உறவு என்பதையே முக்கிய காரணமாகக் கொண்டது. முழு உறவான தாய்மாமன் என்றால் வக்கீலைக் கேட்காமல் பத்திரிகை அச்சடிக்கக் கூடாது. முதல் விவாகம் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ந்து போனவர்களும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் குலவழக்கப்படியான விடுதலையை ஏற்கிறது என்பது மெய். அப்படியொரு வழக்கம் உண்டென்று ருசுப்படுத்தும் பாரம் மனுதாரருடையது. கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்றைக் கையில் வைத்திருப்பது சுலபம்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டத்தின் போக்கு விசித்திரமானது. பிரஜையை மறுமணம் செய்து கொள்ளும் பெண்ணின் முதல் விவாகத்துக் குழந்தைக்கு, 18 வயது நிரம்புவதற்குள் அந்த மறுமணம் நடந்திருந்தால்தான் மாற்றாந் தகப்பன் மனுச் செய்ய முடியும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி மனு வேண்டும். விசா காலம் தவறி அங்கே வருஷத்துக்கு மேல் தங்கிப் பிறகு வெளியேறிய ஒருவர், பத்து வருஷம் திரும்ப முடியாது. தாம் வராவிட்டால் பிரஜையான மனைவியோ பெற்றோரோ கடுந்துன்பம் அடைவார்கள் என்று காட்டினால் விலக்குக் கிடைக்கலாம். வியாதி, கடன், முதுமை, மனநோய் எல்லாம் அங்கே ஆதாரமாகும். ஆனால் அந்தக் கணக்கில் அவருடைய குழந்தையின் துன்பம் நேராகச் சேராது. குழந்தை அழுவதால் தாயாருக்கு உண்டாகும் துன்பமென்று சுற்றி வளைத்துச் சொன்னால்தான் சேரும். இதை எழுதியவர்கள் எந்த வீட்டில் வளர்ந்தார்களோ தெரியவில்லை.

பிரஜா உரிமைக்கு நிரந்தர வாசிகள் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். பிரஜையோடு மூன்று வருஷம் கூடி வாழ்ந்திருந்தால் மூன்று வருஷமே போதும். பிரிந்து போனால் மீண்டும் ஐந்து. கணவனின் கொடுமையைக் காட்டி உரிமை பெற்றவளுக்கு மட்டும், அவனை விட்டுப் பிரிந்து வந்துவிட்டாலும், அந்த மூன்று வருஷக் கணக்கே தொடரும்.